மாயப் பொருள்கள் ஒன்றோடொன்று சேரும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில் போயா நாள்களில் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதை சொல்லி, பகடை உருட்டி ஆடும் ஆட்டம் அது. அறிவியல்நகரில் படிக்கும் பொறியியல் பீட மாணவர்கள் மூவர், பரந்தனிலிருந்து வரும் ஆசிரியை ஒருவர், முல்லைத்தீவிலிருந்து வந்து பின்னேர பஸ்ஸைப் பிடித்துத் திரும்ப வேண்டிய ஒருவர், ஆட்டத்தை நடத்தும் நான் என்று ஆறு பேர். பூதங்களோடு சண்டை பிடிக்கும்போது எங்கள் ஆட்டம் ஒருநாளும் தடைப்பட்டதில்லை, யாராவது இரண்டு மாயப் பொருள்களை ஒரே நேரத்தில் அணிந்துகொண்டு "இப்ப ரெண்டும் சேருமோ?" என்று கேட்கும்போதுதான் அரைமணி நேரம் போய்விடுகிறது. ஒரே சந்தேகம் ஆள் மாறி ஆள் வந்துகொண்டே இருப்பதால், கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே கேள்விகளை எழுதி விடைகளைத் தொகுத்திருக்கிறேன்.

விடைகள் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளைத் தழுவியவை. 2024 திருத்தப் பதிப்பு மாறுபடும் சில இடங்களில் அதையும் குறித்திருக்கிறேன். புத்தகம் கையில் இல்லாதவர்களுக்கு ஒரு செய்தி: அடிப்படை விதிகளின் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியிடப்பட்டது. இங்கே பேசப்படும் பொருள்களில் மிகப் பெரும்பாலானவை அதில் இருக்கின்றன.

1. மாயப் பொருள் எண்டா என்னக்கா? அச்சரக்கூடு கட்டிற மாதிரியோ?

ஏறத்தாழ அப்படித்தான். ஆனால் அச்சரக்கூடு வேலை செய்கிறதா என்பதைக் கட்டியவரின் நம்பிக்கை முடிவு செய்யும். ஆட்டத்தில் அதை முடிவு செய்வது எழுதப்பட்ட வாசகம். ஒவ்வொரு மாயப் பொருளுக்கும் புத்தகத்தில் ஒரு பந்தி உண்டு. அது என்ன வகைப் பொருள், எவ்வளவு அரிதானது, பிணைப்பு (அடுத்த கேள்வியில் வரும் அட்யூன்மென்ட்) வேண்டுமா, என்ன செய்யும் என்பன அதில் இருக்கும். அரிதான தன்மைக்கு ஐந்து படிகளும், அவற்றுக்கு மேலே ஆர்டிஃபாக்ட் என்ற தனி வகையும் உள்ளன. ஆனால் இரண்டு பொருள்கள் சேருமா சேராதா என்பதற்கும் அந்தப் படிகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதற்கு அந்தப் பந்தியின் வினைச்சொல்லைத்தான் படிக்க வேண்டும். அது "கூடும்" என்கிறதா, "ஆகும்" என்கிறதா, "அணிந்திருந்தால்" என்கிறதா, "பிணைந்திருந்தால்" என்கிறதா என்று பார்த்தாலே கீழே உள்ள கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

2. அட்யூன் அட்யூன் எண்டு சொல்லுறியள், கையில எடுத்தவுடன வேலை செய்யாதோ?

சில பொருள்கள் எடுத்தவுடன் வேலை செய்யும். சாதாரண +1 வாள், +1 கேடயம், பொருள்களை விழுங்கும் மாயப் பை முதலியவற்றுக்கு வேறெதுவும் தேவையில்லை. ஆனால் அட்யூன்மென்ட் தேவை என்று எழுதப்பட்ட பொருள்கள், அவற்றோடு பிணைப்பு உண்டாகும் வரை தம் மாயத்தைத் தருவதில்லை. பிணைப்பு என்பது ஒரு சிறு ஓய்வு முழுவதும், அதாவது குறைந்தது ஒரு மணி நேரம், அந்தப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு அதன்மீதே கவனத்தைச் செலுத்துவது. வாளென்றால் பயிற்சி செய்யலாம், மந்திரக்கோலென்றால் தியானிக்கலாம். சில பொருள்களுக்குத் தகுதி நிபந்தனையும் உண்டு. எடுத்துக்காட்டாக, ஹோலி அவெஞ்சர் என்ற வாளோடு பலடின் என்ற புனிதப் போர்வீரர் வகுப்பார் மட்டுமே பிணைய முடியும்.

ஒரு பொருள் என்ன செய்யும் என்று அறிவதற்கும் ஒரு சிறு ஓய்வு போதும் என்பதால், அறிவதையும் பிணைவதையும் ஒரே ஓய்வில் முடித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது முடியாது என்று விதி தெளிவாகச் சொல்கிறது. இரண்டுக்கும் இரண்டு ஓய்வுகள் வேண்டும். பொருளின் தன்மையை அறியும் ஐடென்டிஃபை மந்திரத்தைப் பயன்படுத்தினால் முதல் ஓய்வு மிச்சமாகும்.

3. மூண்டுக்கு மேல ஏலாதோ? நாலாவது நல்ல சாமான் கிடைச்சா?

ஏதாவது ஒன்றை விட வேண்டும். பிணைப்பின் உச்ச எண்ணிக்கை மூன்று. விரும்பி விடுவதற்கு இன்னொரு சிறு ஓய்வு தேவை. அது தவிர, நாமாக விடாமலே பிணைப்பு அறுந்துபோகும் சந்தர்ப்பங்கள் நான்கு: தகுதி நிபந்தனையை இழப்பது, பொருள் நம்மிடமிருந்து 100 அடிக்கு அப்பால் 24 மணி நேரம் இருப்பது, இறப்பது, அந்தப் பொருளோடு வேறொருவர் பிணைவது. இந்த நான்கையும் நினைவில் வைத்திருங்கள். 12ஆம், 13ஆம் கேள்விகளில் இவை திரும்ப வரும்.

ஆர்டிஃபிசர் என்ற வகுப்பாருக்கு மட்டும் விலக்கு உண்டு. அவர்களுக்கு 10ஆம் நிலையில் நான்கு, 14ஆம் நிலையில் ஐந்து, 18ஆம் நிலையில் ஆறு. எங்கள் மேசையில் ஒருவர் இந்த ஒரு காரணத்துக்காகவே வகுப்பை மாற்ற முயன்றார். அப்போது அவருடைய பாத்திரம் 3ஆம் நிலையில் இருந்தது.

4. காப்பு மோதிரம் ரெண்டு கிடைச்சிருக்கு, ரெண்டையும் போட்டா ரெண்டு கூடுமோ?

கூடாது. ரிங் ஒஃப் புரொடெக்ஷன் என்ற காப்பு மோதிரம் கவச எண்ணுக்கும் (எதிரியின் தாக்குதல் படுவதற்கு எட்ட வேண்டிய எண்) தற்காப்பு உருட்டல்களுக்கும் (ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் பகடை) 1 கூட்டுகிறது. ஆனால் ஒரே பொருளின் இரண்டு பிரதிகளோடு ஒருவர் பிணைய முடியாது. அதோடு, ஒரே பெயருள்ள இரண்டு விளைவுகள் ஒருவர்மீது ஒரே நேரத்தில் இருந்தால், வலுவானது எதுவோ அது மட்டுமே செல்லும் என்ற பொதுவிதியும் இருக்கிறது. ஆகவே இரண்டாவது மோதிரத்தைக் கூட்டத்தில் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதே புத்தி.

பெயர் வேறுபட்டால் கதை வேறு. குளோக் ஒஃப் புரொடெக்ஷன் என்ற காப்புப் போர்வையும் அச்சொட்டாக அதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் அது வேறு பொருள், வேறு பெயர். மோதிரத்தையும் போர்வையையும் சேர்த்து அணிந்தால் 2 கூடும். இதை நான் முதலில் மறுத்தேன். இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன என்பது என் வாதமாக இருந்தது. விதி வேலையைப் பார்க்கவில்லை, பெயரைத்தான் பார்க்கிறது என்று ஆசிரியை எடுத்துக்காட்டிய பிறகு ஒப்புக்கொண்டேன்.

5. ஓகர் கையுறையும் பூத அரைப்பட்டியும் சேத்துப் போட்டா பலம் எவ்வளவு வரும்?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கோன்ட்லெட்ஸ் ஒஃப் ஓகர் பவர் என்ற கையுறையின் வாசகம், அதை அணிந்திருக்கும்போது உங்கள் பலம் 19 ஆகும் என்கிறது. 19ஐக் கூட்டும் என்று அது சொல்லவில்லை. ஏற்கெனவே பலம் 19 அல்லது அதற்கு மேல் உள்ளவருக்கு எந்தப் பயனும் இல்லை என்றும் அதே பந்தியில் எழுதியிருக்கிறது. பூத அரைப்பட்டியும் அதே இனம்: மலைப்பூதப் பட்டி பலத்தை 21 ஆக்கும், பனிப்பூதப் பட்டியும் கற்பூதப் பட்டியும் 23, தீப்பூதப் பட்டி 25, முகிற்பூதப் பட்டி 27, புயற்பூதப் பட்டி 29. ஆகவே கையுறையும் மலைப்பூதப் பட்டியும் சேர்ந்தால் விடை 21தான். 40 வராது; 19க்கும் 21க்கும் இடையிலுள்ள வித்தியாசமான 2ஐக் கையுறைக்காகத் தனியே கூட்டவும் முடியாது. இரண்டு பிணைப்புகளைச் செலவழித்து ஒன்றின் பயனை மட்டும் பெறுகிறீர்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் "கூடும்" வகைப் பொருள்கள் இருக்கின்றன. மனுவல் ஒஃப் கெயின்ஃபுல் எக்சர்சைஸ் என்ற ஏட்டை ஆறு நாள்களுக்குள் 48 மணி நேரம் செலவழித்துப் படித்துப் பயின்றால், பலம் 2 கூடும், அதன் உச்சவரம்பும் 2 கூடும். பலம் 17 உள்ள போர்வீரர் இந்த ஏட்டைப் படித்தால் 19 ஆவார்; அதன் பிறகு ஓகர் கையுறை அவருக்கு வெறும் கையுறை. பலம் 8 உள்ள மந்திரவாதிக்கோ ஏட்டைவிடக் கையுறை எத்தனையோ மடங்கு பெறுமதியானது. "ஆகும்" வகைப் பொருளைப் பலம் குறைந்தவருக்கும் "கூடும்" வகைப் பொருளைப் பலம் கூடியவருக்கும் கொடுப்பதுதான் கணக்கு.

இந்த இரு சொற்களின் வேறுபாட்டை நானே ஒருமுறை மறந்தேன். பண்டார வன்னியன் 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய வரலாற்றை வைத்து எங்கள் ஆட்டத்துக்கென்று ஒரு வாளை உருவாக்கினேன். அதன் பந்தியில் "பலம் 4 கூடும்" என்று எழுதினேனே தவிர, எதுவரை என்று எழுதவில்லை. அடுத்த போயாவுக்குள், அந்த வாளைப் பெற்ற மாணவர் அரைப்பட்டி, வாள் இரண்டையும் கொப்பியில் கூட்டி 29 என்று கொண்டுவந்து நீட்டினார். கணக்கில் பிழையே இல்லை. பிழை என் வாசகத்தில் இருந்தது. இப்போது அந்தப் பந்தியில் "20ஐத் தாண்டாமல்" என்ற இரு சொற்கள் சிவப்பு மையில் இருக்கின்றன.

6. கவசம் போடாம காப்புப் பட்டி, மேஜ் ஆர்மர், கேடயம் எல்லாம் சேத்தா?

கவச எண்ணைக் கணக்கிடும்போது இரண்டு படிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, அடித்தளம். அது ஒன்றே ஒன்றாகத்தான் இருக்கலாம். மேஜ் ஆர்மர் மந்திரம் 13ஓடு சுறுசுறுப்பைச் சேர்த்து ஓர் அடித்தளம் தருகிறது. பார்பேரியன் வகுப்பாருக்கு 10ஓடு சுறுசுறுப்பும் உடற்கட்டும் சேர்ந்து இன்னோர் அடித்தளம் கிடைக்கிறது. இரண்டும் இருந்தால் எது நல்லதோ அதைத் தேர்ந்தெடுக்கலாமே தவிர இரண்டையும் கலக்க முடியாது. இரண்டாவது, அந்த அடித்தளத்தின்மேல் வந்து ஏறும் கூட்டல்கள். அவற்றின் பெயர்கள் வேறுபட்டிருக்கும் வரை எல்லாம் ஏறும்.

சுறுசுறுப்பால் 3 பெறும் மந்திரவாதியை எடுத்துக்கொள்வோம். மேஜ் ஆர்மரால் 16. பிரேசர்ஸ் ஒஃப் டிஃபென்ஸ் என்ற காப்புப் பட்டிகளால் 2 கூடி 18. மேலே 4ஆம் கேள்வியில் சொன்ன மோதிரமும் போர்வையும் சேர்ந்தால் 20. ஒரு துண்டு இரும்புகூட இல்லாமல் கவச எண் 20 என்பதைப் பார்த்து மற்ற வீரர்களுக்கு வயிறெரியலாம். ஆனால் அவருடைய மூன்று பிணைப்புகளும் அத்தோடு முடிந்தன என்பதையும் பார்க்க வேண்டும். கேடயத்தை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு விடை பட்டிகளின் பந்தியிலேயே உள்ளது: கவசமும் கேடயமும் இல்லாதபோது மட்டுமே அவை 2 கூட்டும். கேடயம் தரும் 2 வந்தவுடன் பட்டிகளின் 2 போய்விடும். +1 கேடயமென்றால் மட்டும் நிகரமாக ஒன்று மிஞ்சும்.

7. ஒரு காலில ஒரு சப்பாத்து, மற்றக் காலில வேறை சப்பாத்து போட ஏலுமோ?

போடலாம், ஆனால் இரண்டுமே வேலை செய்யாது. சோடியாக வரும் பொருள்கள் சோடியாக அணிந்தால் மட்டுமே பயன் தரும். பொதுவாக ஒருவர் ஒரு சோடிப் பாதணி, ஒரு சோடிக் கையுறை, ஒரு சோடி முன்கைப் பட்டி, ஒரு கவசம், ஒரு தலையணி, ஒரு போர்வை ஆகியவற்றையே அணியலாம். கையுறையும் முன்கைப் பட்டியும் வேறு வேறு என்பதால் இரண்டையும் சேர்த்து அணியத் தடையில்லை. மோதிரங்களுக்கு எண்ணிக்கை சொல்லப்படவில்லை. பத்து விரலுக்கும் போடுவேன் என்றவரிடம், பிணைப்பு மூன்றுதான் என்று 3ஆம் விடையைக் காட்டினேன்.

8. எல்ஃப் போர்வையும் எல்ஃப் சப்பாத்தும் ரெண்டும் ஒளியிறதுக்குச் சாதகம் தருது. அப்ப மூண்டு பகடையோ?

இரண்டு பகடைதான். சாதகம் இருந்தால் இன்னொரு டி20ஐயும் (இருபது பக்கப் பகடை) உருட்டிப் பெரியதை எடுக்கலாம்; அது எத்தனை இடங்களிலிருந்து வந்தாலும் ஒரு மேலதிக டி20 மட்டுமே. சாதகம் ஐந்து இருந்து பாதகம் ஒன்று வந்தாலும் இரண்டும் ரத்தாகி, ஒரு பகடைதான் உருட்ட வேண்டும். ஆனாலும் சேர்த்து அணிவது வீண் அல்ல. சப்பாத்து காலடி ஓசையை மறைக்கிறது. போர்வை உங்களைக் காண முயல்பவருக்குப் பாதகத்தையும் தருகிறது. அந்தப் பகுதி சப்பாத்தில் இல்லை.

9. நெருப்பு மோதிரமும் போட்டு நெருப்பு மருந்தும் குடிச்சா சேதம் கால்வாசியாகுமோ?

ஆகாது. ஒரே வகைச் சேதத்துக்கு எதிர்ப்புத் தன்மை எத்தனை முறை வந்தாலும் ஒரு முறையாகவே கருதப்படும். 28 புள்ளிச் சேதம் 14 ஆகும், 7 ஆகாது. சேதத்திலிருந்து கழிக்க வேண்டிய வேறு எண்கள் இருந்தால் முதலில் அவற்றைக் கழித்து, பாதியாக்குவதைக் கடைசியில் செய்ய வேண்டும்.

10. +1 வில்லில +1 அம்பு வச்சு விட்டா?

இரண்டும் சேரும். வில் ஒரு பொருள், அம்பு இன்னொரு பொருள். இரண்டின் வாசகமும் "கூடும்" என்றே இருக்கிறது. 4ஆம் விடையின் பெயர் விதியும் தடுக்கவில்லை. ஆகவே தாக்குதலுக்கும் சேதத்துக்கும் 2. ஆனால் இலக்கில் பட்ட அம்பு தன் மாயத்தை இழந்துவிடும் என்பதால், சண்டை முடிந்து பொறுக்கி எடுக்கும் அம்பு வெறும் அம்புதான். டி20இல் 20 விழுந்தால் சேதப் பகடைகளே இரட்டிக்கும், இந்த 2 இரட்டிக்காது. தீவாளின் 2டி6 (இரண்டு ஆறுபக்கப் பகடை) நெருப்புச் சேதமோ பகடை என்பதால் அது இரட்டிக்கும்.

11. மந்திரக்கோலால மந்திரம் போட்டா அது நான் போட்டதோ, கோல் போட்டதோ?

நீங்கள் போட்டதுதான். பலர் தவறுவது இங்கேதான். பொருளிலிருந்து வரும் மந்திரத்துக்கு உங்கள் ஸ்லொட் (மந்திரம் போடுவதற்கு நாளுக்கு இத்தனை என்று கிடைக்கும் இடம்) செலவாகாது, மூலப்பொருள்கள் தேவையில்லை. வேறு விதமாகச் சொல்லப்படாவிட்டால் அந்த மந்திரத்தின் மிகக் குறைந்த நிலையிலேயே அது நிகழும். இந்தச் சலுகைகளைத் தவிர மற்றதெல்லாம் சாதாரண மந்திரத்தைப் போன்றவை: அதே நேரம், அதே தூரம், அதே கால அளவு, அதே கவனக் குவிப்பு (ஒரே நேரத்தில் ஒரு மந்திரத்தின்மீது மட்டுமே வைக்கலாம்). பிளெஸ் மந்திரத்தின்மீது கவனத்தைக் குவித்திருக்கும் பூசாரி, வலைக் கோலை எடுத்து வெப் மந்திரத்தை விட்டால், வெப்புக்கும் கவனக் குவிப்பு வேண்டும் என்பதால் பிளெஸ் அந்தக் கணமே அறுந்துவிடும். கோல்தானே போட்டது, எனக்கென்ன என்று சொல்ல முடியாது.

குடிக்கும் மருந்து இதற்கு விலக்கு. பொஷன் ஒஃப் ஸ்பீடைக் குடித்தவர் ஹேஸ்ட் மந்திரத்தின் பலனை ஒரு நிமிடம் அனுபவிப்பார். ஆனால் அவர் மந்திரம் போடவில்லை, கவனக் குவிப்பும் தேவையில்லை என்று அதன் வாசகமே சொல்கிறது. ஆகவே அதைக் குடித்தபடி வேறொரு மந்திரத்தைக் கவனித்துக்கொண்டிருக்கலாம்.

2014 விதியில், போனஸ் ஆக்ஷனாக (ஒருவரின் முறை வரும்போது வழக்கமான ஆக்ஷனுக்கு மேலாகச் செய்யும் சிறு செயல்) ஒரு மந்திரம் போட்டால், அந்த முறைக்குள் போடும் மற்ற மந்திரம் ஒரு ஆக்ஷனில் போடக்கூடிய கான்ட்ரிப்பாகவே (ஸ்லொட் தேவையில்லாத எளிய மந்திரம்) இருக்க வேண்டும். கோலிலிருந்து வரும் மந்திரமும் இதில் அடங்கும். 2024 பதிப்பு அதை மாற்றி, ஒரு முறையில் ஒரு ஸ்லொட் மட்டுமே செலவழிக்கலாம் என்கிறது. கோல் ஸ்லொட்டைத் தொடாததால் அங்கே தடையில்லை. அந்தப் பதிப்பில் மருந்து குடிப்பதும் போனஸ் ஆக்ஷனாகிவிட்டது. இரண்டு பதிப்புகளையும் கலந்து ஆடுபவர்கள் இந்த ஓரிடத்தில் மட்டுமாவது எதை எடுப்பது என்று முதல்நாளே பேசிக்கொள்ளுங்கள்.

12. கரடியா மாறினா போட்டிருந்த சாமான் எல்லாம் என்னாகும்?

ட்ரூயிட் (விலங்காக மாறவல்ல வகுப்பார்) உருமாறும்போது அணிந்திருப்பவை கீழே விழலாம், புதிய உருவத்தோடு கரையலாம், அல்லது புதிய உருவத்துக்குப் பொருந்துமென்றால் அணிந்தபடியே இருக்கலாம். கரைந்த பொருள் பழைய உருவம் திரும்பும் வரை எந்தப் பயனும் தராது. ஆனால் 3ஆம் விடையில் உள்ள நான்கு சந்தர்ப்பங்களில் உருமாற்றம் இல்லை என்பதால் பிணைப்பு அறுவதில்லை. மூன்றில் ஒன்று பிடிபட்டபடியேதான் இருக்கும். கரடியின் கழுத்தில் போர்வை பொருந்துமா என்பதை நடத்துநர் முடிவு செய்யலாம். எங்கள் வீட்டில் பொருந்தும். மோதிரம் பொருந்தாது.

13. சாபம் பிடிச்ச கோடரியை எப்பிடிக் கையால விடுறது? 24 மணித்தியாலம் ஒளிச்சு வச்சாக் காணுமோ?

சாபம் ஐடென்டிஃபை மந்திரத்துக்கும் பெரும்பாலும் தெரியாது. பிணைந்த பிறகுதான் தெரியவரும். சாபப் பொருளோடு உள்ள பிணைப்பை நாமாக விரும்பி முடிக்க முடியாது. வழக்கமான வழி ரிமூவ் கேர்ஸ் மந்திரம். அதன் வாசகத்தையும் கவனமாகப் படியுங்கள்: சாபமுள்ள மாயப் பொருளின் மீது அதைப் போட்டால் பொருளின் சாபம் போகாது, உரிமையாளரின் பிணைப்பு மட்டும் அறும், அவர் அதை எறிந்துவிடலாம். எறிந்ததை எடுத்து அதோடு பிணையும் அடுத்தவருக்கு அதே சாபம் காத்திருக்கிறது. எங்கள் கூட்டத்தார் அந்தக் கோடரியை ஒரு வியாபாரிக்கு விற்க முயன்றது தனிக் கதை.

ஒளித்து வைப்பதுபற்றி என் முடிவு இது. விதி தடுப்பது விரும்பி முடிப்பதை மட்டுமே. நண்பர்கள் திருடிக்கொண்டுபோய் 100 அடிக்கு அப்பால் வைத்தால் அது அவர் விருப்பமல்ல, ஆகவே 24 மணி நேரத்தில் பிணைப்பு அறும். ஆனால் பெர்சேர்க்கர் ஆக்ஸ் என்ற கோடரியின் பந்தி, சாபம் இருக்கும் வரை அவர் கோடரியைப் பிரிய மறுப்பார் என்கிறது. பிணைப்பு இருக்கும் வரை என்று அது சொல்லவில்லை. ஆகவே அந்த ஒருநாளும் அவர் சும்மா இருக்க மாட்டார், அதன் பின்னும் தேடிக்கொண்டே இருப்பார். கோடரியை ஒளித்தவர்கள் அன்றிரவு தூங்காமல் காவலிருந்தார்கள்.

14. பைக்குள்ள பை வைக்கலாமோ?

வைக்காதீர்கள். பாக் ஒஃப் ஹோல்டிங் என்ற மாயப் பைக்குள் 500 இறாத்தல் எடையும் 64 கன அடி கொள்ளளவும் கொண்ட பொருள்களை வைக்கலாம். எவ்வளவு வைத்தாலும் பையின் எடை 15 இறாத்தல்தான். உயிருள்ளவர்களையும் வைக்கலாம், ஆனால் 10ஐ உள்ளே இருப்பவர்களின் தொகையால் வகுத்தால் வரும் நிமிடங்களுக்கு மட்டுமே மூச்சுவிட முடியும். மூன்று பேரென்றால் 3 நிமிடம் 20 வினாடி. இந்தப் பையை ஹான்டி ஹாவர்சாக், போர்ட்டபிள் ஹோல் போன்ற வேறொரு மாய வெளிப் பொருளுக்குள் வைத்தாலோ, அவற்றை இதற்குள் வைத்தாலோ, இரண்டும் அக்கணமே அழிந்து அஸ்ட்ரல் உலகத்துக்கு ஒரு வாசல் திறக்கும். 10 அடிக்குள் நிற்கும் எல்லோரும் உள்ளே இழுக்கப்பட்டு எங்கோ ஓரிடத்தில் வீசப்படுவார்கள். வாசல் மூடிவிடும், திரும்பி வர வழியில்லை.

ஆசிரியையின் பாத்திரம் ஒருநாள், சாமான்களை ஒழுங்காக வைக்கிறேன் என்று ஹாவர்சாக்கை மடித்துப் பைக்குள் வைப்பதாகச் சொன்னார். உண்மையாகவே வைக்கிறீர்களா என்று இரண்டு முறை கேட்டேன். ஒரு கையில் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தபடி, "ஓம், மடிச்சு வைக்கிறன்" என்றார். நால்வர் அஸ்ட்ரல் உலகத்தில். கதவடியில் 15 அடி தள்ளி நின்ற முல்லைத்தீவுக்காரரின் பாத்திரம் மட்டும் அறையில் தனியே. அன்று அவர் பஸ்ஸுக்கு வழக்கத்தைவிட முந்தியே கிளம்பிவிட்டார்.

ரோப் டிரிக் மந்திரத்தால் உண்டாகும் ஒளிவிடத்துக்குள் இந்தப் பையோடு ஏறலாமா என்றும் கேட்கிறார்கள். முந்திய 3.5 பதிப்பில் அது ஆபத்தென்று எழுதியிருந்ததால் பழைய ஆட்டக்காரர்கள் இன்னும் பயப்படுகிறார்கள். ஐந்தாம் பதிப்பில் பையின் வாசகம் இதுபோன்ற வேறு பொருள் என்று சொல்கிறது. ரோப் டிரிக் பொருளல்ல, மந்திரம். ஆகவே ஏறலாம்.

15. டிஸ்பெல் மஜிக் போட்டு எதிரியின்ர மாய வாளை வெறும் வாளாக்க ஏலாதோ?

முடியாது. டிஸ்பெல் மஜிக் முடிப்பது மந்திரங்களை. வாளின் +1 மந்திரமல்ல, பொருளின் இயல்பு. 11ஆம் விடையில் சொன்ன வெப் போன்று கோலிலிருந்து பிறந்த மந்திரத்தை அது முடிக்கும், கோலை ஒன்றும் செய்யாது. வாளை வெறும் இரும்பாக்க அன்டிமஜிக் ஃபீல்ட் வேண்டும். அந்த 10 அடி ஆரத்துக்குள் ஆர்டிஃபாக்டுகளையும் தெய்வங்கள் ஆக்கியவற்றையும் தவிர எல்லா மாயப் பொருள்களும் அடங்கிவிடும். வெளியே வந்தவுடன் மீளும், பிணைப்பும் அறாது. மாயப் பையை அங்கே கொண்டுபோனால், என் மேசையில், உள்ளே இருப்பவை பத்திரமாக இருக்கும்; கை விட்டுத் துழாவினால் துணிதான் தட்டுப்படும். இது என் முடிவு, வேறு நடத்துநர் வேறு சொல்லலாம்.

16. இடிச் சுத்தியலுக்குக் கையுறையும் பட்டியும் வேணுமெண்டு கிடக்கு. அப்ப மூண்டு அட்யூனும் முடிஞ்சுதோ?

ஹாமர் ஒஃப் தண்டர்போல்ட்ஸின் பந்தி, பிணைவதற்கு ஏதாவதொரு பூத அரைப்பட்டியும் ஓகர் கையுறையும் அணிந்திருக்க வேண்டும் என்கிறது. பிணைந்து கையில் வைத்திருக்கும்போது பலம் 4 கூடும், 20ஐத் தாண்டலாம், 30ஐத் தாண்டாது. 5ஆம் விடையின் இரு வகைகளும் இங்கே சேர்கின்றன: பட்டியால் 21 "ஆகும்", சுத்தியலால் 4 "கூடும்", மொத்தம் 25. புயற்பூதப் பட்டியென்றால் 29ஓடு 4 சேர்ந்தும் 30இல் நின்றுவிடும்.

எண்ணிக்கையைப் பற்றிய கேள்விக்கு, அந்தப் பந்தி "அணிந்திருக்க" என்கிறதே தவிர "பிணைந்திருக்க" என்று சொல்லவில்லை. பட்டியின் 21 வேண்டுமென்றால் பட்டியோடு பிணைய வேண்டும். கையுறையின் 19 பட்டிக்கு முன்னால் பயனற்றது, ஆகவே அதை வெறுமனே மாட்டிக்கொண்டால் போதும். இரண்டு பிணைப்புகள் போக ஒன்று மிச்சம். ஆனால் கையுறையையோ பட்டியையோ கழற்றினால் சுத்தியலின் பிணைப்பு உடனே அறும். சாப்பிடும்போது கையுறையோடு சோறு குழைப்பாயா என்று மற்றவர்கள் சுத்தியலை வைத்திருந்த மாணவரைக் கேலி செய்தார்கள். கரண்டியால் சாப்பிடும் பாத்திரம் என்று அவர் தன் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார்.

17. போன போயாவுக்கு ஒண்டு சொன்னியள், இப்ப வேறை சொல்லுறியள். எதை நம்புறது?

நியாயமான முறைப்பாடு. பொதுவிதியும் ஒரு பொருளின் தனிவாசகமும் முரண்பட்டால் தனிவாசகமே வெல்லும் என்பது புத்தகத்தின் விதி. 304 ஆடுபவர்களுக்கு இது புதிதல்ல. எத்தனையோ சீட்டாட்டங்களில் ஏஸ் பெரியது, 304இலோ ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் வெறும் 11. தனிவாசகமும் இல்லாத இடத்தில் நடத்துநரின் முடிவு நிற்கும். நான் அன்று சொன்னது அன்றைய ஆட்டம் முடியும் வரை மாறாது. பிறகு வாசகத்தைப் படித்துப் பார்த்துப் பிழையென்று கண்டால் அடுத்த போயா தொடங்குமுன் சொல்லிவிட்டு, நீல மட்டைக் கொப்பியில் திகதியோடு எழுதுகிறேன். மோதிரமும் போர்வையும் சேராது என்று நான் முதலில் சொன்னதும் அதில் இருக்கிறது, குறுக்கே ஒரு கோட்டோடு. அந்தப் பிழையால் தன் பாத்திரம் ஒரு சண்டையில் விழுந்ததென்று ஆசிரியை சொன்னார்; கணக்குப் பார்த்தோம், எதிரியின் தாக்குதல் அச்சொட்டாக அவருடைய கவச எண்ணிலேயே வந்து நின்றிருந்தது, ஒன்று கூடியிருந்தால் தப்பியிருக்கும். அந்தப் பாத்திரத்துக்கு ஓர் உயிர்மீட்பு மருந்து கடன்பட்டிருக்கிறேன் என்று அதே பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை.